இரண்டு பேட்டரி, மூன்று ரெசிஸ்டர்: சர்க்யூட் பேப்பர் எனக்குப் பிடிபட்ட விதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் சிலர் இன்ஜினியரிங் சேருகிறார்கள். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ இங்கிலீஷ் மீடியம், கல்லூரிக்குப் போனால் போர்டில் இங்கிலீஷ், விளக்கம் மலையாளத்தில். மலையாளம் நமக்குப் பிரச்சினையே இல்லை, சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்ததுதான். கிலி கொடுப்பது பேசிக் எலக்ட்ரிக்கல் பேப்பர். கேடியுவில், அதாவது கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நான் சேர்ந்தபோது முதல் வருடத்தில் எல்லாப் பிரிவுக்கும் அது உண்டு. சிவில் எடுத்தவரும் படித்தாக வேண்டும். என்னைப் போல எலக்ட்ரிக்கல் எடுத்தவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் சர்க்யூட்ஸ் அண்ட் நெட்வொர்க்ஸ் என்று அதுவே பெரிதாகத் திரும்பி வந்தது. எனக்கு இந்தப் பாடம் ரொம்பப் பிடித்துப்போனது. எந்த இடத்தில் பிடி கிடைத்தது என்று இங்கே விவரமாகவே எழுதுகிறேன், அடுத்து சேருபவர்களுக்கு உதவும்.

பிளஸ் டூ பிசிக்ஸில் ஓம் விதி படித்திருப்போம், கிர்ச்சாஃப் விதிகளையும் பார்த்திருப்போம். ஆனால் அங்கே பெரும்பாலும் சீரிஸ், பேரலல் என்று மடக்கி மடக்கி ஒரே ரெசிஸ்டராக்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். இரண்டு பேட்டரி இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். கல்லூரிப் பாடம் தொடங்குவதே அங்கேதான்.

ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம். இடது பக்கம் 12 வோல்ட் பேட்டரி, அதோடு சீரிஸில் 2 ஓம். வலது பக்கம் 6 வோல்ட் பேட்டரி, அதோடு சீரிஸில் 4 ஓம். நடுவில் மேலிருந்து கீழாக இன்னொரு 4 ஓம். மூன்று கிளைகளும் மேலே ஒரு புள்ளியில் சேர்கின்றன, கீழே ஒரு புள்ளியில் சேர்கின்றன. பேட்டரிகளின் பிளஸ் முனை மேல் பக்கம். கீழ்ப் புள்ளியை பூஜ்ஜியம் என்று வைத்து, மேல் புள்ளியின் வோல்டேஜை 'வி' என்போம்.

பேனாவை எடுத்ததும் சமன்பாடு எழுதக் கூடாது. முதலில் படத்தில் அம்புக்குறி போட வேண்டும். எந்தக் கரண்ட் எந்தப் பக்கம் ஓடும் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மேல் புள்ளியிலிருந்து மூன்று கிளையிலும் கரண்ட் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் வெளியே போவது நடக்காத காரியம்தான், ஆனாலும் கணக்குக்கு அது ஒரு தடையில்லை. நாம் வைத்த திசை தப்பாக இருந்தால் பதில் மைனஸில் வரும், அவ்வளவுதான். வைத்த திசையை நடுவழியில் மாற்றாமல் இருப்பது மட்டும்தான் நம் பொறுப்பு. ரெசிஸ்டரில் கரண்ட் நுழையும் முனைக்கு பிளஸ், வெளியேறும் முனைக்கு மைனஸ் என்று குறித்துவிட வேண்டும். இந்த வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இந்தப் பாடத்தில் பாதிச் சிக்கல் அந்த அரை நிமிடத்தைத் தாண்டி ஓடுவதால் வருகிறது என்பது என் உறுதியான கருத்து.

கிர்ச்சாஃபின் கரண்ட் விதிப்படி, வெளியே போகும் கரண்ட்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம்:

(வி − 12)/2 + வி/4 + (வி − 6)/4 = 0

நாலால் பெருக்கினால் 4 வி = 30. வி = 7.5 வோல்ட். இடது கிளையில் (7.5 − 12)/2 = −2.25 ஆம்பியர். மைனஸ் என்பதால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2.25 ஆம்பியர் மேல் புள்ளிக்குள் வருகிறது. நடுவில் 1.875 ஆம்பியர் இறங்குகிறது. வலது கிளையில் 0.375 ஆம்பியர், அதுவும் பிளஸ்ஸாக. அப்படியென்றால் 6 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனைக்குள்ளேயே கரண்ட் நுழைகிறது. அந்த பேட்டரி எதையும் கொடுக்கவில்லை, சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது! பேட்டரி என்றால் கரண்ட் கொடுக்கும் என்று நினைத்தே வளர்ந்த எனக்கு, ஒரு மைனஸும் ஒரு பிளஸ்ஸும் சேர்ந்து இதைச் சொன்னபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

இதோடு விட்டுவிடாமல் பவரைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி கொடுப்பது 12 × 2.25 = 27 வாட். 2 ஓமில் சூடாகிப் போவது 10.125, நடு 4 ஓமில் 14.0625, வலது 4 ஓமில் 0.5625, சின்ன பேட்டரிக்குள் போவது 6 × 0.375 = 2.25. நான்கையும் கூட்டுங்கள், சரியாக 27. பரீட்சை ஹாலில் பதில் சரியா என்று யாரையும் கேட்க முடியாது, ஆனால் இந்தக் கூட்டல் சொல்லிவிடும். எத்தனை பெரிய சர்க்யூட்டாக இருந்தாலும் சொல்லும்.

புள்ளியின் வோல்டேஜை வைத்துப் போட்ட இந்த வழிக்கு நோடல் முறை என்று பெயர். கிர்ச்சாஃபின் வோல்டேஜ் விதியை வைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் (மூடிய சுற்று) ஓடும் கரண்டைக் கண்டுபிடிப்பது மெஷ் முறை. இதே கணக்கை அதில் போட்டால் இரண்டு கண்ணி, இடது கண்ணியின் கரண்ட் ஐ1, வலது கண்ணியின் கரண்ட் ஐ2, இரண்டு சமன்பாடு: 6 ஐ1 − 4 ஐ2 = 12, −4 ஐ1 + 8 ஐ2 = −6. தீர்த்தால் அதே 2.25, அதே 0.375. முதல் செமஸ்டர் கணிதத்தில் மேட்ரிக்ஸ் நடத்தும்போது இதெல்லாம் எதற்கு என்று வகுப்பில் பலரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எதற்கு என்பது இங்கே வந்ததும் புரிந்துவிடும். மூலைவிட்டத்தில் அந்தந்தக் கண்ணியின் மொத்த ரெசிஸ்டன்ஸ், பக்கத்தில் பொதுவான ரெசிஸ்டன்ஸ் மைனஸ் குறியோடு. படத்தைப் பார்த்தே மேட்ரிக்ஸை எழுதிவிடலாம். மெஷ்ஷா நோடலா என்று கேட்டால், எதில் சமன்பாடு குறைவோ அதை எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் நான் நோடல் பக்கம். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் என்ற சர்க்யூட் கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராமும், அதன் வழியில் வந்து இன்று இலவசமாகக் கிடைக்கும் எல்டிஸ்பைஸும் அடிப்படையில் நோடல் சமன்பாடுகளைத்தான் தீர்க்கின்றன. வீட்டுக்கணக்கை முடித்த பிறகு அதில் வரைந்து சரிபார்ப்பது நல்ல பழக்கம். முடிக்கும் முன்பே வரையக் கூடாது.

கிர்ச்சாஃப் இந்த இரண்டு விதிகளையும் 1845-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 21, கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர். நம் வயதுப் பையன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நெருக்கம் வந்துவிட்டது.

ஒத்தப்பாலத்திலிருந்து வரும் தோழி ஒருத்தியும் நானும் சேர்ந்து படிப்போம். அவள் மலையாளத்தில் சொல்லுவாள், நான் தமிழில் சொல்லுவேன். கணக்கை ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. 'இந்தப் பக்கம் பிளஸ் ஏன் போட்டாய்?' என்று அவள் கேட்டு, எனக்கு உடனே பதில் வரவில்லை என்றால் அங்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். ஸ்டார்–டெல்டா மாற்றம், மேக்னடிக் சர்க்யூட் எல்லாம் இப்படியே சீக்கிரம் முடிந்துவிட்டன. அவற்றில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை, சூத்திரம் மனசில் நின்றால் போதும்.

நின்று நிதானித்துப் படிக்க வேண்டியது மூன்றாம் செமஸ்டரின் தேற்றங்களை. சூப்பர்பொசிஷனில் ஒவ்வொரு சோர்ஸாக அணைத்து, வரும் கரண்ட்களைக் கூட்டலாம், பவரைக் கூட்டக் கூடாது. 1 ஓமில் ஒரு சோர்ஸால் 2 ஆம்பியர், இன்னொன்றால் அதே திசையில் 1 ஆம்பியர் என்றால், பவர் 4 + 1 கிடையாது, 3-ஐ வர்க்கப்படுத்தி 9 வாட். டிபெண்டன்ட் சோர்ஸை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக் கூடாது, அது இன்னொரு இடத்துக் கரண்டையோ வோல்டேஜையோ பார்த்து நடக்கிற ஒன்று.

தெவனின் தேற்றத்துக்கு வருவோம். எத்தனை சிக்கலான லீனியர் சர்க்யூட்டாக இருந்தாலும், இரண்டு முனைகளுக்கு வெளியே நின்று பார்த்தால் ஒரு வோல்டேஜ் சோர்ஸும் சீரிஸில் ஒரு ரெசிஸ்டரும்தான் தெரியும். 1853-லேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைச் சொல்லியிருக்கிறார். பிரான்சின் தந்தித் துறைப் பொறியாளர் தெவனின் 1883-ல் தனியாகக் கண்டுபிடித்தார், பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. தேற்றத்தை எழுதிப் பார்த்தேன், கணக்கும் போட்டேன், ஆனால் கையில் தொட்டுப் பார்த்தது மாமாவின் பட்டறையில்.

மாமா மோட்டார் காயில் கட்டுகிறவர். இந்தப் பக்கம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், மழை குறைவு, தோப்புக்குத் தோப்பு போர்வெல். எரிந்துபோன மோட்டார் வராத வாரம் இல்லை. பட்டறையில் வோல்ட் மீட்டர், அம்மீட்டர் பொருத்திய டெஸ்ட் போர்டு ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் தூரத்தில் இருக்கிறது, நீளமான லைன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடு எதுவும் இல்லாதபோது வோல்ட் மீட்டர் 226 காட்டியது. மாமாவே 2000 வாட் ஹீட்டர் காயிலை மாட்டி சுவிட்சைப் போட்டார். அம்மீட்டர் 8-ஐ ஒட்டி நின்றது, வோல்டேஜ் 214-க்கு இறங்கியது. 12 வோல்ட் இறக்கம், 8 ஆம்பியர், ஆக 1.5 ஓம். டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், சர்வீஸ் ஒயர், வீட்டு ஒயரிங் எல்லாம் சேர்ந்து, அந்த சாக்கெட்டிலிருந்து பார்த்தால் 226 வோல்ட்டும் 1.5 ஓமும்தான்.

'ஹீட்டரைக் கழற்றிவிட்டு 1000 வாட் மாட்டினால் 220-க்குப் பக்கத்தில் நிற்கும் மாமா' என்றேன். 1000 வாட் காயில் கிட்டத்தட்ட 53 ஓம், 226-ஐ 54.5-ஆல் வகுத்தால் 4.1 ஆம்பியர், 6 வோல்ட் இறங்க வேண்டும். மாட்டினார். முள் 220-ல் நின்றது.

'வோல்ட் இறங்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க கண்ணு. எத்தனை ஓம்னு நீதான் சொல்லியிருக்க' என்றார் மாமா.

ஏசியில் இது சரியாகச் சொன்னால் இம்பீடன்ஸ், அதாவது ரெசிஸ்டன்ஸோடு காயில் தன்மையும் சேர்ந்த மொத்தத் தடை. ஆனால் நீளமான சன்ன லைனில் ரெசிஸ்டன்ஸ்தான் மேலோங்கி நிற்கும், அதனால் கணக்கு ஒத்துப்போனது. அந்த முனைகளை ஷார்ட் செய்தால் 226-ஐ 1.5-ஆல் வகுத்து 150 ஆம்பியர் ஓடும் என்று காகிதத்தில் தெரிந்துகொண்டால் போதும், செய்து பார்க்கிற விஷயம் அல்ல. 230 வோல்ட் லைனில் அளப்பதென்றால் விஷயம் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். பட்டறையில் நான் எதையும் தொடவில்லை, மாமாதான் மாட்டினார், கழற்றினார்.

ஏசி சர்க்யூட்டில் முதலில் திகைக்க வைப்பது கூட்டல்தான். ரெசிஸ்டர் மேல் 60 வோல்ட், காயில் மேல் 80 வோல்ட், மொத்தம் 100 வோல்ட். இரண்டின் உச்சமும் ஒரே நேரத்தில் வருவதில்லை, கால் சுற்று தள்ளி வருகின்றன, அதனால் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போலக் கூடுகின்றன. லேபில் சோக்கை (இரும்பில் சுற்றிய காயில்) வைத்து அளந்தால் இவ்வளவு துல்லியமாக வராது, காயில் கம்பிக்கும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறதே. வைவாவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். 1893-ல் ஸ்டெய்ன்மெட்ஸ் ஏசி கணக்குக்கு காம்ப்ளெக்ஸ் எண்களைக் கொண்டுவந்த பிறகு, டிசியில் படித்த மெஷ், நோடல், தெவனின் எதையும் மாற்ற வேண்டியதில்லை, எண்ணுக்குப் பதில் காம்ப்ளெக்ஸ் எண் போட்டால் சரி. காசியோ 991 கால்குலேட்டரில் காம்ப்ளெக்ஸ் மோடைப் பழகிக்கொள்வது பெரிய உதவி. போலார் வடிவத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் பரீட்சையில் நேரம் போதாது.

த்ரீ ஃபேஸ் எனக்குப் பட்டறையாலேயே சுலபமாகிவிட்டது. 5 ஹெச்பி பம்ப் மோட்டார் என்றால் 3.73 கிலோவாட். 415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.8, எஃபிஷியன்சி 85 சதவீதம் என்று எடுத்தால் 3730-ஐ ரூட் 3, 415, 0.8, 0.85 நான்கின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 7.6 ஆம்பியர். மாமா டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) ஒரு ஃபேஸ் ஒயரில் மாட்டி, ஃபுல் லோடில் ஏழரை, எட்டு என்று வாய்ப்பாடாகவே சொல்லுவார்.

மூன்றாம் செமஸ்டரில் கடைசியாக மிரட்டுவது டிரான்சியன்ட், அதாவது சுவிட்ச் போட்டதும் சற்று நேரம் நடக்கும் மாற்றம். கெப்பாசிட்டர் தன் வோல்டேஜைச் சட்டென்று மாற்றிக்கொள்ளாது, காயில் தன் கரண்டைச் சட்டென்று மாற்றிக்கொள்ளாது. சுவிட்ச் போட்ட கணத்தில் இந்த இரண்டையும் எழுதிவிட்டால், அப்புறம் லாப்லாஸ் மாற்றம் என்ற கணித முறையில் அதே நோடல் சமன்பாடுதான். புரியவில்லை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம், இதில் 9 வோல்ட் பேட்டரி போதும். அதோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 16 வோல்ட்டோ 25 வோல்ட்டோ தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு மல்டிமீட்டர். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்பதால் பிளஸ், மைனஸ் பார்த்து மாட்ட வேண்டும். முதலில் கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் அந்த ரெசிஸ்டர் வழியாக இணைத்து, மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை விடுங்கள். பிறகு பேட்டரியை அந்த ரெசிஸ்டர் வழியாகவே கெப்பாசிட்டரோடு சேர்த்து, கெப்பாசிட்டரின் வோல்டேஜை மீட்டரில் பாருங்கள். 10 விநாடியில் 5.7 வோல்ட், 20 விநாடியில் 7.8, ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட முழுசாக 9. கெப்பாசிட்டரின் அளவு 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால் 5.7 வருவது 8 விநாடியிலும் இருக்கும், 12 விநாடியிலும் இருக்கும். 5.7 வர ஆகும் நேரம் என்பது ரெசிஸ்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கினால் வருவது. அதனால் அந்த நேரத்தை விநாடியில் குறித்துக்கொண்டு, ரெசிஸ்டரின் 10,000 ஓமால் வகுத்தால் உங்கள் கையில் இருக்கும் கெப்பாசிட்டரின் உண்மையான அளவு ஃபாரடில் கிடைத்துவிடும்.