வேன்காரர் தரும் 3 மணி நேரத்தில் கன்னியாகுமரி

"பதினோரு மணிக்கு வண்டி எடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் டூரிஸ்ட் வேன்காரர்கள் கன்னியாகுமரியில் கதவையே திறக்கிறார்கள். மணி எட்டு. கீழே கால் வைக்குமுன் ஆட்டோக்காரர்கள் வந்து "எல்லா இடமும் காட்டுறோம் சார்" என்று சூழ்ந்துகொள்வார்கள். வேண்டவே வேண்டாம். கோயில், காந்தி மண்டபம், காமராஜர் மண்டபம், முக்கடல் சங்கமம் எல்லாம் படகுத்துறையிலிருந்து கால்மணி நடைக்குள்தான். வட்டக்கோட்டைக்குத்தான் வண்டி வேண்டும். 3 மணி நேரத்தில் அதை நினைக்கவே கூடாது.

இறங்கியதும் நேராக விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் படகுத்துறைக்குப் போங்கள், டீ அப்புறம். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், வரிசையிலேயே 2 மணி நேரம் போய்விடும். பலரும் மறப்பது, பாறையிலிருந்து கரைக்குத் திரும்பவும் வரிசை உண்டு என்பதை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தால் பேசாமல் படகை விட்டுவிடுங்கள். சிறப்புக் கட்டண டிக்கெட் இருக்கிறதே என்றால், விலை பல மடங்கு. 5 பேர் குடும்பத்துக்கு மதியச் சாப்பாட்டுக் காசு அங்கேயே காலி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கினால் அந்த டிக்கெட்டும் உதவாது. தண்ணீர் குறைந்தால் படகு பாறையில் தட்டும் என்று ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். "படகு ஓடுதா?" என்று கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

படகு டிக்கெட் வேறு, பாறையில் நுழைவுக் கட்டணம் வேறு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விவேகானந்தர் பாறையில் செருப்பை விட வேண்டும். பத்து மணி வெயிலில் கருங்கல் தோசைக்கல்தான், குழந்தைகளுக்குச் சாக்ஸ் எடுத்துப் போங்கள்.

அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது நடந்தே போகலாம். 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம். முன்பெல்லாம் பாறைக்குப் படகு ஓடும் நாளிலும் பல நேரம் சிலைக்கு ஓடாது, 133 அடி வள்ளுவரைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கண்ணாடியில் நின்று குனிந்தால் காலடியில் அலை பாறையில் அடித்து, வெள்ளையாகப் பொங்கி, இடுக்கு வழியே வடிவது தெரியும். சிலர் கைப்பிடியை விடாமல் ஓரமாகவே ஊர்வார்கள். இந்தப் பாலம் ஒன்றுக்காகவே வரிசையில் நிற்கலாம்.

பகவதி அம்மன் கோயில் மதியம் நடை சாத்திவிடும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கிழக்கு வாசல் வருடத்தில் சில நாள்தான் திறக்கும். அம்மன் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பி வந்த கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் அடைத்தார்கள் என்பது ஊர்க்கதை. காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2-ஆம் தேதி அஸ்திக் கலசம் வைத்த இடத்தில் வெயில் விழும். மற்ற நாளில் 5 நிமிஷம் தாராளம்.

கலர் மணல் பொட்டலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். இல்மனைட் என்ற கறுப்புத் தாது மணலும் கார்னெட் என்ற செந்நிறத் தாது மணலும் இந்தக் கடற்கரையில் நிஜமாகவே உண்டு. கண்ணைப் பறிக்கிற பச்சைக்கும் நீலத்துக்கும் கடல் பொறுப்பல்ல. அந்தக் காசுக்கு மட்டிப்பழம் வாங்குங்கள். விரல் மாதிரி சின்னது, தோல் மெலிசு, வாசனை ஆளைத் தூக்கும். குமரி மாவட்டத்துப் பழம், புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கடையில் ரசவடை இருந்தால் சாயாவோடு ஒன்று.

வேனை விட்டு இறங்கும்போதே நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துவையுங்கள். சீசனில் அதே மாதிரி வெள்ளை வேன் வரிசையாக நிற்கும், டிரைவர் போனை எடுக்கமாட்டார்.