ஃபுளோரன்ஸ் பாணியில் ஒரு சுடுமண் முகம்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து 15ஆம் நூற்றாண்டுப் பாணியில் மார்பளவுச் சிலை செய்ய உட்காரும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது தோளைத்தான், முகத்தை அல்ல. அந்தக் காலத்துச் சிற்பிகள் மேல் கைகளின் குறுக்கே நேர்கோடாக வெட்டி நிறுத்தினார்கள். அன்டோனியோ ரொசெல்லினோ 1456இல் செய்த ஜொவான்னி கெல்லினி சிலையைப் பாருங்கள்: பீடம் கிடையாது, உடல் அப்படியே மேசையில் அமர்ந்திருக்கும். அடியை வளைத்துச் சிறு பீடத்தில் ஏற்றினால் அது ரோமானியச் சாயல் ஆகிவிடும். ரோமானியப் பாணியிலும் காலம் பார்க்க வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஹாட்ரியன் காலம்வரை பளிங்குக் கண்கள் வழுவழுப்பாக விடப்பட்டு, வண்ணத்தால் தீட்டப்பட்டன; கருவிழியைச் செதுக்கும் வழக்கம் பிறகுதான் பரவியது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் தலைமுடியோடு குடைந்த கருமணியைச் சேர்த்தால் ஒரே முகத்தில் இரண்டு நூற்றாண்டுகள் மோதும்.

மண்ணுக்கு வருவோம். களிமண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுத்தூள் (சுட்ட மண்ணின் பொடி) கலந்தால் விரிசல் குறையும். காய்ந்து சுடுவதற்குள் சுமார் பத்து சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 23 செ.மீ. முகத்துக்கு 25.5 செ.மீ. பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு விதம்; சிறு பட்டையில் கோடு கீறிச் சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அழுத்தினால் நகம் மட்டும் பதியும் தோல் பதத்தில், உச்சந்தலையைக் கம்பியால் அறுத்தெடுத்து உள்ளே குடைகிறோம். சுவர் 2 முதல் 2.5 செ.மீ. இருக்கட்டும். பெரும்பாலும் தவறுவது மூக்கிலும் கழுத்திலும்தான். மூக்கு வெளியே மெல்லியதாகத் தெரிந்தாலும் உள்ளே கட்டியாக நிற்கும். உட்பக்கமிருந்து ஊசியால் துளைத்துவிட வேண்டும். கழுத்து சீக்கிரம் காய்ந்து, கனத்த தோள் மெதுவாகச் சுருங்கும்போது காலர் எலும்பின் மேல் விரிசல் ஓடும். கழுத்தில் ஈரத்துணி சுற்றி, அடியில் மணல் பரப்பி வைத்தால் சிலை பலகையில் ஒட்டாமல் தன் போக்கில் சுருங்கும். மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

சூளையில் சிலை வெடிப்பதற்குக் காற்றுக்குமிழியைக் குறைசொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கிறது. அதனால் 100 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் நிறுத்துகிறோம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தில் அவசரம் கூடாது.

இத்தனையும் சரியாக வந்தாலும் சிலை எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதை முகபாவம் காட்டிக்கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி ஜொவான்னி பஸ்தியானினி செய்த, மறுமலர்ச்சிக் காலக் கவிஞர் பெனிவியேனியின் சிலைக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் புகையிலைத் தொழிலாளி ஒருவர். கலைப்பொருள் வணிகர் பஸ்தியானினிக்குக் கொடுத்தது 350 பிராங்க். மறுமலர்ச்சிக் காலத்துப் படைப்பென்று நம்பி, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1866இல் 13,600 பிராங்க் கொடுத்தது. மறு ஆண்டு உண்மை வெளிவந்தபோதும் நிபுணர்கள் சிலர் ஒப்பவில்லை. இன்று பார்த்தால் கன்னச் சுருக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் இரக்கம் கசிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தன் காலத்தின் கண்ணைத் தன் காலத்தவரால் பார்க்க முடியாது. ஏமாந்தவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆகவே, பெயரையும் ஆண்டையும் தோளின் உட்புறத்தில் ஈர மண்ணிலேயே ஆழமாகக் கீறிவிடுங்கள். சுட்ட பிறகு மையால் எழுதியதை யாரும் அழித்துவிடலாம்.