வாடகைக்குக் கட்டம் இல்லாத படிவம்

2020 ஏப்ரலில் தொலைபேசி வழி மனநல ஆலோசனைப் பணியில் சேர்ந்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி, பதற்றம் உண்டா, தற்கொலை எண்ணம் வருகிறதா. எல்லாம் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வாடகை பாக்கி, நின்றுபோன கூலி, கடன் தவணை பற்றி எழுத அதில் இடமே இல்லை. பேசியவர்களில் பலர் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஓர் அக்கா (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவர். ஊரடங்கு வந்ததும் எல்லா வீட்டிலும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். கணவருக்குப் பெயின்டிங் வேலை, அதுவும் நின்றுபோனது. "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது மேடம், கண்ணை மூடவே முடியல" என்றார். எந்த நாளில் அதிகம் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி என்றார். புதன்கிழமை குழுக் கடனுக்குத் தவணை நாள். வசூல்காரர் போன் மேல் போன் போடுகிறார். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், கூடப் பழகிய பக்கத்து வீட்டுக்காரரே முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். அந்த நேரத்துக்கு அது உதவியது. ஆனால் மார்ச் 1 முதல் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருந்தது அவருக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. தனியாகக் கேட்காமல் குழுவாகப் பேசிப் பாருங்கள் என்றேன். அப்படியே கேட்டிருக்கிறார்கள், தவணை தள்ளிப்போனது. அடுத்த முறை பேசும்போது, பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார் என்பதைத்தான் முதலில் சொன்னார்.

இது சமூகப் பணியாளரின் வேலை, நமக்கு எதற்கு என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடே பார், காதுகொடுத்துக் கேள், இணை என்று மூன்று வேலைகளைச் சொல்கிறது. ரேஷன், நிவாரணம், அடி வாங்கும் பெண்ணுக்கு 181 பெண்கள் உதவி எண் என்று உரிய இடத்தோடு இணைப்பது அந்த மூன்றாவது. பயிற்சி வகுப்புகளில் அதை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

2020 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம், முகாம்களில் இருக்கும் புலம்பெயர் தொழிலாளர்களின் பீதியைப் போக்கப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் சமயத் தலைவர்களும் போக வேண்டும் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஊருக்குப் போக அவர்களுக்கென்று சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியது மே 1-இல். கையில் காசில்லாமல், வீட்டுக்கும் போக முடியாமல் இருப்பவர் பயப்படுவது நோயல்ல. அவரை அமைதிப்படுத்த மட்டும் உளவியலைக் கூப்பிட்டால், கூலி பாக்கி வைத்தவரை யாரும் கேள்வி கேட்காமல் போய்விடுகிறது.

இதற்காக மனநோயே இல்லை என்று சொல்லவில்லை. கடன் தீர்ந்த பிறகும் மனச்சோர்வு தீராதவர்கள் உண்டு. அவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்பத்தான் வேண்டும்.

அப்புறம் நாங்கள் சிலர் படிவத்தின் ஓரத்தில் கையாலேயே எழுத ஆரம்பித்தோம்: வாடகை, தவணை, கூலி பாக்கி, ரேஷன் அட்டை இல்லை. மாத அறிக்கையில் பெயர்களை நீக்கிவிட்டு அதையும் சேர்த்து மேலே அனுப்பினோம். எந்தப் பகுதியில் வசூல் நெருக்கடி, எங்கே கூலி தரவில்லை என்று அதைப் படித்தாலே தெரியும். அடுத்த பேரிடருக்குப் படிவம் தயாரிப்பவர்கள் அந்தக் கட்டங்களை அச்சிலேயே போட வேண்டும். அதைப் படித்து நடவடிக்கை எடுக்க ஓர் அதிகாரியையும் முதலிலேயே நியமிக்க வேண்டும்.