பெரிய மேளமும் சின்ன மேளமும்: ஒரு படத்தின் நினைவு

'தில்லானா மோகனாம்பாள்' யாழ்ப்பாணத்திற்கு வந்தபோது, நான் நம் கல்லூரி விடுதியில் தங்கிச் சாதாரண தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சினிமாவுக்கு எளிதில் அனுமதி தராத விடுதிப் பொறுப்பாசிரியர், நாதஸ்வரமும் பரதமும் உள்ள படம் என்று அறிந்ததும், எங்களைத் தாமே அழைத்துச் சென்றார்.

திருவிழா இரவுகளில் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே, சிவாஜி கணேசன் வெறுமனே குழலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த இசைக்கு அவருடைய விரல்கள் துளைகளின் மேல் ஓடியதையும், குழலின் ஊதுமுனையான சீவாளியில் உதடு பதிந்ததையும், மூச்சு முட்டக் கழுத்து நரம்பு புடைத்ததையும் கண்ட எங்கள் ஆசிரியர், தொடையில் தாளம் போட்டபடியே படம் முழுவதையும் பார்த்து முடித்தார்.

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை, ஏ. பி. நாகராஜன் 1968இல் படமாக்கினார். நாதஸ்வரக் குழுவைப் பெரிய மேளம் என்றும் ஆடல் குழுவைச் சின்ன மேளம் என்றும் அழைத்த காலத்தின் கதை அது. அந்த இரண்டு சொற்களிலேயே இருக்கும் ஏற்றத்தாழ்வுதான் நாதஸ்வரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரத்திற்கும் (சிவாஜி) ஆடற்கலைஞர் மோகனாவுக்கும் (பத்மினி) இடையே போட்டியாக மூள்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அவர் இல்லாமல் அவளுடைய ஆட்டமோ, அவள் இல்லாமல் அவருடைய வாசிப்போ நிறைவதில்லை. தூணுக்குப் பின்னால் அவர் நிற்பதை அறிந்து பத்மினி ஆடும் 'மறைந்திருந்து பார்க்கும்' பாடலில், 'சண்முகா' என்ற விளி முருகனுக்கும் அவருக்கும் ஒருங்கே பொருந்துகிறது. பின்னர், கத்திக்காயம் பட்டுத் தேறிவந்தவரிடம், சபை முழுவதும் பார்த்திருக்க, அபிநயத்தாலேயே 'நலந்தானா' என்று அவள் கேட்கிறாள். அவரால் வாய்திறந்து மறுமொழி சொல்ல முடியாது, நாதஸ்வரம்தான் சொல்கிறது. கண்ணதாசனும் கே. வி. மகாதேவனும் பி. சுசீலாவும் சேர்ந்து தந்த அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக நம் திரையில் வேறொன்றை நான் கண்டதில்லை.

நாகேஷின் வைத்தியையும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியையும் விடுதியில் நடித்துக் காட்டாத மாணவர் அன்று இல்லை.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கலைமாலையில் என் பேத்தி 'மறைந்திருந்து' பாடலுக்கு ஆடினாள். இலண்டனில் பிறந்தவள், கோயில் வீதியில் நின்று மேளக் கச்சேரி கேட்டதில்லை. ஒத்திகையின்போது, "தாத்தா, தூணுக்குப் பின்னால் நிற்பவர் ஏன் வெளியே வரவில்லை?" என்று கேட்டாள். அன்றிரவே அவளை அருகில் இருத்திப் படத்தை முதலிலிருந்து போட்டேன். தில்லானாப் போட்டி வந்தபோது, அவள் என் கையைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.