விளக்கு மினுங்குது, சத்தம் வரல

ஒலிப்பதிவு டிப்ளமோவில் எழுத்துத் தேர்வை ஒரே மூச்சில் தாண்டிவிட்டு, செய்முறையில் தோற்றவன் நான். 30 நிமிடம் தருவார்கள். மைக், அதன் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டியான இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர், இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். இணைத்து, ஒரு நிமிடம் குரல் பதிந்து, திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும்.

பேசும்போது இன்டர்ஃபேஸில் பச்சை விளக்கு மினுங்கியது. சாஃப்ட்வேரில் ஓர் அசைவும் இல்லை. கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், மறுபடியும் பழைய கேபிளையே மாட்டினேன். நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த தேர்வுக்கு முன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கதையைக் கேட்ட அண்ணன் சிரித்தார். "மக்கா, விளக்கு மினுங்கினா அதுவரைக்கும் எல்லாம் சரிதானே? பொறவு எதுக்கு மைக்கக் கழத்துன? வாயில இருந்து காதுவரைக்கும் சத்தம் போற வழியில நடந்து பாரு."

அன்றைக்கு என் சாஃப்ட்வேர், இன்டர்ஃபேஸைக் கண்டுகொள்ளாமல் கம்ப்யூட்டரின் சொந்த சவுண்ட் கார்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. செட்டிங்கில் இன்டர்ஃபேஸின் ஆசியோ (ASIO) டிரைவரை, அதாவது சாஃப்ட்வேரையும் அந்தப் பெட்டியையும் பேசவைக்கும் நிரலை, தேர்ந்தெடுத்திருந்தால் போதும்.

அதன்பிறகு நான் டீ வாங்கப் போகும்போதெல்லாம் அண்ணன் எதையாவது கெடுத்து வைப்பார். ஒருநாள் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரம், ஃபான்டம் பவர், அணைந்திருக்கும். அது இல்லாமல் வேலை செய்யாத கண்டென்ஸர் மைக் ஊமையாகிவிடும். இன்னொரு நாள், 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியின் அளவெடுப்பு) பதிந்த கோயர் பாட்டை மாற்றாமல் அப்படியே 48-இல் ஓடவிட்டார். வேகமும் கூடி, சுருதியும் கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறி, பாட்டுக்காரர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

பஃபர் என்பது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் சாம்பிள் எண்ணிக்கை. அந்தக் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்யாமல் போட்டுப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிசெகண்ட் தாமதம். உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் இரட்டிப்பு. பாடுகிறவருக்குத் தன் குரலே பின்னால் துரத்தி வருவதுபோல் இருக்கும். 128-க்கு இறக்கினால் 2.7 தான். பதியும்போது குறைவாக வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் திணறி, 'படபட'வென்று சத்தம் உடையும்.

கெயின், அதாவது மைக் சத்தத்தை எவ்வளவு பெருக்குவது என்று, வைக்கக் கற்றது கோயில் கொடைக்கு முன்னால் வந்த ஒரு வில்லுப்பாட்டுக் குழுவிடம்தான். சோதிக்கும்போது உடுக்கையையும் குடத்தையும் தடவுவதுபோல் தட்டினார்கள். கதை சூடு பிடித்ததும் விழுந்த அடியில் மீட்டர் சிவந்து, அந்த டேக் முழுக்கப் பாழ். 24 பிட் துல்லியத்தில் பதியும்போது மீட்டர் உச்சியில் முட்டவேண்டிய அவசியமே இல்லை. இருப்பதிலேயே ஓங்கிய அடி, 0-தான் உச்சி என்கிற மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். அந்த அடியைக் கேட்டு வாங்கி அடிக்கச் சொல்லுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். ஈரம் ஏறினால் கண்டென்ஸர் மைக் பொரிய ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடி வையுங்கள். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைந்தால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வித்தை சிலர் சொல்வார்கள், உயிரோடு விளையாடாதீர்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் மாட்டிப் பாருங்கள்.

பவர் போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது அதுதான் முதல். இதைத் தேர்வாளர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது முறையும் பச்சை விளக்கு மினுங்கியது, ட்ராக் அசையவில்லை. இந்தத் தடவை மைக்கைத் தொடவே இல்லை. டிரைவர் சரி, மைக் இன்டர்ஃபேஸின் 1-ஆம் துளையில் இருக்க, சாஃப்ட்வேர் ட்ராக்கில் இன்புட் 2 என்றிருந்தது. மாற்றினேன், 11 நிமிடத்தில் குரல் வந்தது. மீதி நேரம் கையில் இருக்க, ஹெட்ஃபோனில் மெல்லிய காற்றுச் சத்தம் கேட்டது. ஃபேனை அணைக்கலாமா என்று கேட்டேன். தேர்வாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.