வட்டங்களால் ‘அ’ எழுதுதல்: கோட்டின் முனையில் இருந்த சிக்கல் தீர்ந்தது

சுழலும் வட்டங்கள் ஒன்றன் நுனியில் ஒன்றாகத் தொடர, கடைசி வட்டத்தின் நுனியில் இருக்கும் பேனா ‘அ’ என்று எழுதிக் காட்டும் அசைபடம் இப்போதுதான் நான் விரும்பியபடி ஓடத் தொடங்கியுள்ளது. கணிதம் படிக்காதவருக்கு ஃபூரியே தொடரை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல காட்சியை நான் கண்டதில்லை. எத்தனை வளைந்த கோட்டையும் சீராகச் சுழலும் வட்டங்களின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது சமன்பாடு ஏதுமின்றிக் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. கணித அசைபடங்களுக்கான மேனிம் (Manim) நிரலகத்தை நிறுவுவதும், எண் கணக்கீட்டுக்கான நம்பை (NumPy) நிரலகத்தைக் கொண்டு கெழுக்களை, அதாவது ஒவ்வொரு வட்டத்தின் ஆரத்தையும் தொடக்கக் கோணத்தையும், கணக்கிடுவதும் இந்த வேலையில் இறங்கியவர்கள் அறிந்தவையே என்பதால் நேரே சிக்கலுக்கு வருகிறேன்.

எழுத்துருவிலிருந்து ‘அ’வை எடுத்தால் கிடைப்பது அதன் விளிம்புதான், உள்ளே இருக்கும் துளைகள் தனித்தனி மூடிய கோடுகளாக வருகின்றன. அந்த விளிம்பைப் பேனா சுற்றிவரும்போது, பார்ப்பவருக்கு யாரோ எழுதுகிறார்கள் என்ற உணர்வே வருவதில்லை. ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவின் எழுத்தை அடியில் வைத்து, கை எழுதும் வரிசையிலேயே நடுக்கோட்டை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்துகொண்டேன்.

உண்மையான தொல்லை அதன் பிறகே தொடங்கியது. கையெழுத்துக்குத் தொடக்கம் ஓரிடத்திலும் முடிவு வேறிடத்திலும் இருக்கின்றன. ஃபூரியே தொடரோ திரும்பத் திரும்ப நிகழும் இயக்கத்தை மட்டுமே தரும். எனவே ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் பேனா செங்குத்துக் கோட்டின் அடியிலிருந்து சுழியின் தொடக்கத்துக்குத் தாவி, எழுத்தின் குறுக்கே ஒரு வேண்டாத கோட்டை இழுத்துவிடுகிறது. தாவல் இருக்கும் வரை, n மடங்கு வேகத்தில் சுழலும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1/n என்ற அளவில் மட்டுமே சுருங்கும். தாவும் தொலைவில் சுமார் 9 விழுக்காடு அளவுக்குப் பேனா இரு முனைகளையும் தாண்டிச் செல்லும். வட்டங்களைக் கூட்டினால் அந்த அலைவு நெருங்கி ஒடுங்குமே தவிர அதன் உயரம் குறையாது. 1848இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்பிரகாம் இதைக் கண்டிருந்தும், 1899இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

பேனாவைச் சென்ற வழியே திரும்பி வரச் செய்ததும் தாவல் மறைந்தது. திரும்பும் பாதையில் மை தெரியாதபடி செய்துவிட்டேன். ஆரங்கள் இப்போது 1/n² என்ற அளவில் சுருங்கினாலும், படுக்கைக் கோடு செங்குத்துக் கோட்டைச் சந்திக்கும் மூலை மட்டும் மழுங்கியே நின்றது. பேனாவின் வேகத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைத்திருந்ததே அதற்குக் காரணம். ஒவ்வொரு மூலையிலும் முனையிலும் வேகம் படிப்படியாகக் குறைந்து சுழியமாகி மீண்டும் கூடுமாறு, கணக்குக்காகக் கோட்டிலிருந்து எடுக்கும் மாதிரிப் புள்ளிகளைக் கொசைன் சார்பைக் கொண்டு மாற்றி எடுத்தேன். ஆரங்கள் 1/n³ என்ற விரைவில் சுருங்கத் தொடங்கின. முன்பு வேண்டியிருந்ததில் பாதிக்கும் குறைவான வட்டங்களிலேயே கூர்மையான மூலை கிடைத்தது. வட்டங்களை அடுக்குவதைவிடப் பேனாவின் வேகத்தைச் செதுக்குவதே பயன் தருகிறது என்று இந்த வேலையில் உள்ள அனைவருக்கும் அடித்துச் சொல்வேன்.

போய்த் திரும்பும் பாதையில் இன்னொரு அழகும் கிடைத்தது. எதிரெதிர்த் திசைகளில் சுழலும் வட்டங்கள் ஒரே ஆரத்துடன் இணை இணையாக வருகின்றன. ஒவ்வோர் இணையின் கூட்டும் ஒரு நேர்கோட்டில் முன்னும் பின்னும் அசைகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வானியலாளர் நசீருத்தீன் தூசி வட்ட இயக்கங்களிலிருந்து நேர்கோட்டு அசைவைப் பெற்ற அமைப்பும் இதே கருத்தில்தான் நிற்கிறது. இந்தக் கணக்குக்கு அடியில் இருக்கும் கலப்பெண்ணைப் (complex number) பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இந்த இணையை மட்டும் தனியாக ஓடவிட்டால் போதும், எவரும் பிடித்துக்கொள்வர்.

தூசியின் அமைப்பைக் கையால் சுழற்றும்படி 3 மி.மீ. அக்ரிலிக்கில் செய்யவும் எண்ணியுள்ளேன்: உட்புறம் 60 பற்கள் கொண்ட வளையம், அதனுள் உருளும் 30 பற்கள் கொண்ட சக்கரம். லேசரில் வெட்டித் தரும் கடையில் கிடைத்த மாதிரியில் பற்கள் தளர்ந்திருந்தன. லேசர் தின்றுவிடும் அகலத்தை வரைபடத்திலேயே ஈடுசெய்து கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்தது சிக்குக் கோலம். ஒரே இழையில் முடியும் கோலம் இயல்பாகவே மூடிய கோடு என்பதால், பேனாவைத் திருப்பி அனுப்பும் தேவையே இராது. அவற்றுக்கு முன் ‘அ’வுக்கு விளக்கக் குரல் சேர்க்க வேண்டும், இணை வட்டங்களுக்கு இரு வேறு நிறங்களும் தர வேண்டும்.