கோதுமை மாவு கேட்டால்

கிள்ளானிலிருந்து மதுரைக்குக் குடிவந்து மூன்று தீபாவளி ஆகிவிட்டது. "உனக்கென்ன, தமிழ்நாட்டுக்குத்தானே போகிறாய், பேச்சுக்குக் கஷ்டமே இல்லை" என்று சொல்லித்தான் அனுப்பிவைத்தார்கள். அந்தப் பேச்சுதான் முதல் தீபாவளியிலேயே என் காலை வாரிவிட்டது.

மலேசியாவில் எங்கள் வீடுகளில் தீபாவளி என்றால் முறுக்கோடு பிஸ்கட்டும் சுடுவோம். நெய் பிஸ்கட், கச்சாங் (கடலை) பிஸ்கட், நடுவில் அன்னாசி ஜாம் வைத்தது என்று வாரக்கணக்கில் வேலை நடக்கும். சுட்டதை சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்களில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் ஏற்றிவிட வேண்டும். தீபாவளியன்று மலாய்க்காரர், சீனர் என்று அக்கம்பக்கம் முழுக்க வரும். போத்தல்கள் சாயங்காலத்துக்குள் காலி.

இங்கே திருநகரில் வீடு. மொட்டை மாடியில் நின்றால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். வந்த வருஷமே பிள்ளைகளோடு பிஸ்கட் சுடுவது என்று முடிவு செய்து, மளிகைக் கடையில் ஒரு கிலோ கோதுமை மாவு கேட்டேன். பழுப்பாக ஒன்றைக் கொடுத்தார்கள். இந்த ஊர் மாவு இப்படித்தான் போல என்று வாங்கி வந்துவிட்டேன்.

நாங்கள் கோதுமை மாவு என்று சொல்வது வெள்ளை மாவை. மலாயில் அது தெப்போங் காண்டும், அதாவது கோதுமை மாவு. அதையே தமிழிலும் சொல்லிப் பழகிவிட்டோம். சப்பாத்திக்குப் போடுவது எங்களுக்கு ஆட்டா மாவு. இங்கே அந்த ஆட்டாதான் கோதுமை மாவு; நான் தேடிய வெள்ளை மாவுக்குப் பெயர் மைதா. தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

தவிடு சேர்ந்த மாவு ஊற்றிய நெய்யையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. உருட்டினால் வெடித்தது, அழுத்தினால் உதிர்ந்தது. ஓவனிலிருந்து வந்தவை கருப்பட்டி நிறத்தில், தரையில் போட்டால் சத்தம் கேட்கும் பதத்தில் இருந்தன. அப்போது நாலு வயதான என் மகன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சப்பாத்தி" என்றான்.

"மைதான்னு கேக்க வேண்டியதுதானத்தா" என்றார் என் அத்தை. மாமியாரை அத்தை என்று கூப்பிடவும் இங்கே வந்துதான் பழகினேன். எங்கள் ஊரில் மாமி.

வெண்ணெயிலும் இதே கதைதான். இங்கே வெண்ணெய் என்றால் வெள்ளையாக, உப்பில்லாமல் வருவது. பாக்கெட்டில் மஞ்சளாக, உப்போடு வருவது பட்டர். கையோடு கொண்டுவந்த, மாவு அடிக்கும் மிக்சர் தனிக்கதை. இரண்டு நாட்டிலும் மின்சாரம் ஏறக்குறைய ஒரே வோல்ட்தான், ஆனால் அங்கே பிளக்கில் தட்டை முள், இங்கே உருண்டை முள். அடாப்டர் வாங்கும்வரை அது பரணில் கிடந்தது.

இரண்டாம் வருஷம் மைதா, நெய், பொடித்த சர்க்கரை எல்லாம் சரியாக வாங்கிவைத்தேன். பள்ளிக்கு லீவு விட்டதும் மகளும் மகனும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு மேடைமுன் ஏறி நின்றார்கள். முதல் தட்டு நெய் பிஸ்கட் ஓவனுக்குள் போயிருந்தது. மேடையில் இன்னும் ஒரு தட்டு நெய் பிஸ்கட், ஒரு தட்டு கச்சாங் பிஸ்கட். கடலையை வறுத்துப் பொடித்துச் செய்யும் கச்சாங் பிஸ்கட்டுக்குத்தான் மேலே முட்டை மஞ்சள் கரு தடவுவோம். நெய் பிஸ்கட்டில் முட்டையே கிடையாது. அதனால்தான் அத்தை அதை மட்டும் சாமிக்கு வைக்கலாம் என்று சம்மதித்திருந்தார். விடிகாலையில் புதுத்துணியோடு வைக்கும் பலகாரத் தட்டில் முட்டை பட்டது இருக்கக் கூடாது. (கும்பிட்டு முடித்ததும் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு என்பது வேறு விஷயம்.)

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்த் திரும்பினேன். மகன் கையில் பிரஷ். இரண்டு தட்டும் மஞ்சளாக மினுங்கின. "ரெண்டும் அழகா இருக்கணும்ல" என்றாள் மகள்.

திட்ட வாய் திறக்குமுன் ஃபேன் ஒரு முறை தயங்கிச் சுற்றியது. கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் இழுக்கும், ஓவனை எங்கே இழுக்கும்? அதற்குள் ஓவனில் சுட்டுக்கொண்டிருந்த முதல் தட்டு நெய் பிஸ்கட்டை மகன் கதவைத் திறந்து திறந்து பார்த்து, இருந்த சூட்டையும் விரட்டிவிட்டான். நெய் உருகும் அளவுக்குச் சூடு இருந்தது, மாவு வெந்து இறுகும் அளவுக்கு இல்லை. இருபது பிஸ்கட்டும் படர்ந்து ஒட்டிக்கொண்டு, தட்டளவுக்கு ஒரே பிஸ்கட்டாகப் படுத்திருந்தன.

அரை மணி நேரம் பார்த்தேன், கரண்ட் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பெரிய குக்கரோடு வந்தார். பிள்ளைகள் பிறந்தநாளுக்கு அவர் கேக் செய்வது அதில்தானாம். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றி, அடியில் கல்லுப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிஷம் வெறும் குக்கரைச் சூடாக்கிவிட்டு, உள்ளே சின்னத் தட்டு. உள்ளே தண்ணீர் போகக் கூடாது, தீ கடைசிவரை சிம்மில்தான். ஒரு ஈடுக்கு ஆறு பிஸ்கட். முதல் ஈடு அடி கருகியது; அத்தை தேங்காய்த் திருவலை எடுத்து, கருகின தோசையைச் சுரண்டுவது மாதிரி ஒவ்வொன்றாகச் சுரண்டினார். மூன்றாவது ஈடு நன்றாகவே வந்தது. அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

தீபாவளியன்று சாமித் தட்டில் கடையில் வாங்கிய லட்டும் அத்தையின் அதிரசமும்தான் இருந்தன. முட்டை தடவிய நெய் பிஸ்கட்டை அத்தை காபியில் முக்கிச் சாப்பிட்டார். எத்தனை என்று நான் எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் கிள்ளானில் இருக்கும் என் அம்மாவுக்கு மகள் செய்முறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மைதா போட்டோம் பாட்டி."

"மைதாவா? அது என்ன மாவு?"

"பரோட்டா மாவு."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "ரொட்டி சானாய் போடுற மாவா? அடி, அதுக்குப் பேரு கோதுமை மாவு."